கோழிக்கு ஊற்றிய மோர்

பன்னைப் பாலில் முக்கித் தின்கிறாள். நேற்று முழுவதும் ஒரு மிடறு தண்ணீரைக்கூட வைத்துக்கொள்ளாத வயிறு இன்று பன் கேட்கிறது. "ஏனுங், பன்னு நல்லா மெதுமெதுன்னு இருக்குதுங், நீங்களும் ஒரு துண்டு தின்னு பாருங்க" என்கிறாள். முகம் தெளிந்துவிட்டது, குரல் தெளிந்துவிட்டது. தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு, வார்டில் யார் யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த ஊர் என்று விசாரித்து முடித்துவிட்டாள். என் பெண்சாதி நாச்சாத்தாள் பழையபடி நாச்சாத்தாள் ஆகிவிட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதைத் தெரியும். முன்னே நானே எழுதி அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்த துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. கண்வலிக் கொடியின் விதையை உண்டவருக்கு முதலில் வாந்தியும் பேதியும் காணும், பிறகு குணமாகிவிட்டது போல ஒரு தெளிவு வரும், அதை நம்பாதீர்கள். அந்தக் கடைசி இரண்டு சொற்களைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று அச்சகத்தில் நின்று சண்டை போட்டேன். "எலெக்சன் நேரமுங் தோழர், தடிச்ச எழுத்தெல்லாம் வேட்பாளருங்க பேருக்குப் போயிருச்சு" என்றார் அச்சுக் கோப்பவர். மெலிந்த எழுத்திலேயே போனது. மெலிந்து போனதால்தான் யாரும் படிக்கவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தடித்து வந்திருந்தாலும் படித்திருக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த வரி என்ன? தெரியும். மனப்பாடமாகத் தெரியும். அந்த வரிக்குப் போக வேண்டாம். பன்னைப் பார். பாலில் முக்கும்போது அவள் விரல் நடுங்குகிறதா என்று பார். நடுங்கவில்லை. காலையில் சின்ன டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். என் பேரனாக இருக்கக்கூடிய வயசு. "ஐயா, உங்களுக்குத் தெரியாததில்ல. உங்க நோட்டீஸ்தான் எங்க பேராசிரியர் கிளாசுல காட்டுவாருங்க" என்றார். அந்த நேரத்திலும் எனக்குள்ளே ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பெண்சாதி உள்ளே நரம்பில் ஊசியோடு கிடக்கிறாள், இவன் நெஞ்சை நிமிர்த்துகிறான். பிறகு அவர் சொன்னார். மாற்று மருந்து கிடையாது. உடம்பு தாங்க வேண்டும். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் செயற்கை மூச்சு மெஷினோடு ஒரு படுக்கை கேட்டிருக்கிறோம், காலியானதும் கூப்பிடுவார்கள். "அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க. நாங்க சொன்னா பயந்துக்குவாங்க." சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் அப்போது ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தாள். அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். இப்போது பன்.

என்ன வேடிக்கை பார். இந்தச் சென்னியப்பன் வாய் திறக்கக் கூசுகிறேன். மைக் இல்லாமல் மூணு தெருவுக்குக் கேட்கப் பேசியவன். போலீஸ் வேனுக்குள் ஏற்றிய பிறகும் ஜன்னல் கம்பிக்குள் வாயை வைத்துப் பேசியவன். நான் ஆயுசு முழுக்கக் கேட்டது வேறு எதையுமில்லை, ஒரே ஒரு கோரிக்கை. சாக்கின் மேல் எழுது. அந்த விதைக்குள் இருக்கும் நஞ்சுக்குப் பேர் கோல்ச்சிசின். அதை விதையுரிக்கும் பெண்களுக்குப் புரிகிற தமிழில், சாக்கின் மேல் எழுது. மூட்டு வலி மருந்துக்கு விதையை வாங்கிக் கப்பலேற்றும் கம்பெனிக்காரன் சாக்கில் எண்தான் போட்டான், கப்பல் போகும் ஊரின் பேர் போட்டான், உள்ளே இருப்பது என்ன என்று போடவில்லை. "தெரிஞ்சா பயந்துக்குவாங்க" என்றான். டாக்டர் தம்பி சொன்ன அதே வார்த்தை. பக்குவமா. பயந்துக்குவாங்க. தெரியாமல் தொடுவதைவிடத் தெரிந்து பயப்படுவது மேல் என்று அன்றைக்குக் கூட்டத்தில் பேசினேன், கைத்தட்டல் வாங்கினேன். இன்றைக்கு என் கையில் இருப்பது ஒரே ஒரு சாக்கு. அதன்மேல் எழுத மாட்டேன் என்கிறேன். எழுதினால் என்ன? பன்னைக் கீழே வைத்துவிடுவாள். அவ்வளவுதானே. அவ்வளவுதான், ஆனால் அது அவள் கேட்டுத் தின்னும் கடைசிப் பன்னாக இருக்கலாம். அதைத் தின்று முடிக்கட்டும். ஒரு மனிதன் ஒரு பன் அளவுக்குப் பொய்யனாக இருக்கக்கூடாதா? இப்படித்தான் ஒவ்வொருத்தனும் ஆரம்பித்தான். ஒரு பன் அளவுக்கு ஆரம்பித்து, பிறகு காரில் போனான். எங்கள் கட்சியின் மாவட்டத் தலைமை இப்படித்தான் கம்பெனி வீட்டில் காபி குடிக்க ஆரம்பித்தது.

மேடையில் அந்தக் கொடிக்குப் பேர் செங்காந்தள். மாநில மலர், தமிழச்சியின் விரல், நெருப்பின் நாக்கு, இன்னும் என்னென்னவோ. எங்கள் காடு கழனியில் அதற்குப் பேர் கண்வலி. புரட்டாசியில் பூக்க ஆரம்பித்தால் காலையில் வெயில் ஏறுமுன் பெண்கள் கொடிக்குக் கொடி போய்ப் பூவின் தூளை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். வண்டை நம்பினால் காய் பிடிக்காது. மனுஷக் கைதான் வண்டு. தை மாசியில் காயைப் பறித்து உலர்த்தி, கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உரிப்பார்கள். உள்ளே குங்குமச் சிவப்பில் விதை. அந்தச் சிவப்பு விரலில் ஏறும், விரல் கண்ணுக்குப் போகும், கண் எரியும். ஒருத்தி வாந்தி எடுப்பாள், வெயில் என்பார்கள். ஒருத்திக்கு விரல் நுனித்தோல் உரியும், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கையுறை கேட்டு நாங்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்த முதல் நாளன்று நான் கோஷம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதில் அந்நிய மூலதனம் இருந்தது, ஏகாதிபத்தியம் இருந்தது, ஒருத்தி வாயிலும் நுழையவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "மூட்டுக்கு மருந்து எங்க கையில! மூட்டு வலியோ எங்க காலுல!" மொத்தக் கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது. யார் அது என்று எட்டிப் பார்த்தேன். கொண்டையில் காய்த் தொலி ஒட்டியிருந்தது. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காத பொம்பளை நான் மாதக்கணக்கில் படித்த பொருளாதாரத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். பொறாமையில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே வருடம் அவளைக் கட்டிக்கொண்டேன். கையுறை ஒரு பருவத்துக்கு வந்தது. அடுத்த பருவம் கிழிந்தது, பிறகு கேட்பாரில்லை. கோஷம் மட்டும் நின்றது. அவள் அதை வீட்டிலும் சொல்வாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம் மூட்டுக்கு மருந்து எங்க கையில என்று முனகிக்கொண்டுதான் எழுந்திருப்பாள். நான் சிரிப்பேன். அது கோஷம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தகவலாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இத்தனையும் என் கால் விரல் வலியில் இருந்து ஆரம்பித்தது. போன சித்திரையில் பெருவிரல் கத்தரிக்காய் போல வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. டாக்டர் எழுதிக் கொடுத்த சின்ன மாத்திரை, உள்நாக்குக்கும் தெரியாத அளவு, இரண்டு வேளை விழுங்கினேன், மறுநாள் நடந்து டீக்கடைக்குப் போனேன். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் கோல்ச்சிசின் என்று இருந்தது. என்னவென்று சொல்வது, உள்ளுக்குள் ஒரு குதூகலம், பழைய எதிரியை வழியில் பார்த்துக் கட்டிப்பிடித்தது போல. நாச்சாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "நம்ம வெதைங்களா இது?" என்று அட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அப்போதே கேட்டாள், "அப்ப என்ற முட்டிக்கு ரெண்டு குடுங்க." கொடுக்கவில்லை. என் வலி யூரிக் அமிலம், உன் வலி தேய்மானம், அதற்கு இது கேட்காது, அளவு மீறினால் ஆளையே முடித்துவிடும் என்று விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். எடுத்துக்காட்டெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "வலியிலகூட உன்ற வலி என்ற வலின்னு சாதி வெச்சிருக்கறீங்களாக்கு" என்றாள். அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். பதில் இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் ரொம்ப நன்றாக இருந்தது, அதை எந்தக் கூட்டப் பேச்சில் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாத்திரையைப் பரண்மேல் வைத்தேன். பரண்மேல் வைத்தால் போதும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால் காடு பூராவும் மாத்திரை காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் படுக்கைக்குத் தர்ப்பூசணி வந்திருக்கிறது. அங்கே சர்க்கரை ஏறிப் படுத்திருக்கும் மருதாயிக்கு அவள் மகன் கீற்றுப் போட்டு வாங்கி வந்திருக்கிறான். சர்க்கரைக்காரிக்குத் தர்ப்பூசணி. யாரும் யாரையும் தடுப்பதில்லை. "அம்முணி, இந்தா நீயும் ஒரு கீத்துத் தின்னு" என்று மருதாயி நீட்டுகிறாள், நாச்சா வாங்கிக்கொள்கிறாள். "வெதையே இல்லையே இதுல, துப்பற வேலையில்ல." விதையில்லாத தர்ப்பூசணி. அதுவும் எனக்குத் தெரியும். எல்லா எழவும் எனக்குத் தெரியும். ஒரு சிறு புத்தகத்தில் படித்தேன். நாற்றின் குருத்தில் இந்தக் கோல்ச்சிசினை ஒரு சொட்டு வைப்பார்களாம், உயிரணு இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் அது குறுக்கே நிற்கும், பிரிய விடாது. அப்படிக் குழம்பிய செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்தால் பிறக்கும் பிள்ளை மலடு, பழத்தில் விதை இருக்காது. பழத்தில் நஞ்சு இல்லை, பயமில்லை, தின்னலாம். எங்கள் விதை போய் ஊரார் விதையை அழித்து வருகிறது. பிரிய விடாது. அதுதான் அதன் ஒரே வேலை. குடலின் உள்தோல் நாளும் புதிதாகப் பிரிந்து வளர வேண்டும், விடாது. எலும்புக்குள் ரத்தம் ஊற வேண்டும், விடாது. உடம்பில் எங்கெங்கே வேலை மும்முரமோ அங்கெல்லாம் போய்க் கையைக் கட்டிப்போடும். பொது வேலைநிறுத்தம். நாங்கள் நாற்பது கிராமத்தில் கூப்பாடு போட்டு ஒரு பருவம் முழுதாய் நடத்த முடியாத வேலைநிறுத்தம், ஒரு தேக்கரண்டிப் பொடி அவள் உடம்பில் நடத்திக்கொண்டிருக்கிறது. கருங்காலி ஒருத்தன்கூட இல்லை. வெளியே ஒன்றும் தெரியாது. மூட்டையில் பழைய சரக்கு இருக்கும்வரை கடை நடக்கும். பழைய ரத்தம் இருக்கும்வரை முகம் தெளிவாக இருக்கும். தீர்ந்த பிறகுதான். பார், அந்த வரிக்கே வந்துவிட்டேன். ரத்தம் குறையும், சிறுநீர் நிற்கும், மூச்சுத் தசைகள் சோரும். மெலிந்த எழுத்தில்.

ஆனால் எவ்வளவு? அதுதான் கேள்வி. அளவுதான் எல்லாம். ஒரு மாத்திரையில் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. ஒரு கரண்டி விதைப் பொடியில் பல பத்து மாத்திரைக்கு ஆன சரக்கு. ஆனால் முட்டி வலிக்கென்று அவள் அந்தப் பொடியைச் சும்மா தின்னவில்லை. அவள் முட்டாள் இல்லை, சுத்தி செய்திருக்கிறாள். எங்கள் பக்கத்து வைத்தியர்கள் கண்வலிக் கிழங்கை நஞ்சு நீக்காமல் தொட மாட்டார்கள். கிழங்கை மெல்லிசாகச் சீவி உப்புப் போட்ட மோரில் ஊறப் போடுவார்கள், தினமும் பழைய மோரைக் கொட்டிப் புது மோர் ஊற்றுவார்கள், வாரம் கழித்து உலர்த்துவார்கள். அதற்குச் சுத்தி என்று பேர். இளமையில் நான் அதைக் கேலி செய்து பேசியிருக்கிறேன், மோர் குடித்தால் நஞ்சும் நல்லவனாகிவிடுமா என்று. பிறகு படித்தேன், இந்த நஞ்சு நீரில் கரையக்கூடியது, சீவல் சீவலாக ஊறினால் ஒரு பங்கு மோரோடு போகத்தான் செய்யும் என்று. அதிலும் எவ்வளவு போகும், எவ்வளவு நிற்கும் என்று ஒரு வைத்தியனும் சொல்ல மாட்டான், ஒரு சாக்கிலும் எழுதியிருக்காது. சரி, கிழங்குக்குக் கதை அது. நாச்சா ஊறப்போட்டது விதையை. கிழங்கைவிட விதையில் சரக்கு அதிகம், கம்பெனி வாங்குவதே அதைத்தானே, ஆகவே விதைதான் உயர்ந்த மருந்து என்று இவள் கணக்கு. கிழங்குக்குச் சொன்ன சுத்தியை விதைக்குச் செய்தாள். முழு விதை, காய்ந்த விதை, மிளகு போல இறுகிய தோல். அந்தத் தோலைத் தாண்டி மோர் உள்ளே போயிற்றா? உள்ளே இருந்தது வெளியே வந்ததா? கொஞ்சம் வந்திருக்கும். வாரம் முழுக்க ஊறியிருக்கிறது, வராமல் இருக்குமா? பாதி வந்திருந்தால்? பாதி வந்திருந்தால் மீதி அவளைக் கொல்லும் அளவுக்குக் கீழே இருக்கலாம். வாந்தியில் கொஞ்சம் போயிருக்கும். அப்படியென்றால் இந்தத் தெளிவு நிஜத் தெளிவாகவே இருக்கலாம். இருக்கலாம். என் நெஞ்சு எவ்வளவு வேகமாக அந்தப் பக்கம் ஓடுகிறது பார். வைத்தியர்களைத் திட்டித் தீர்த்தவன் ஒரு சட்டி மோரின் காலில் விழுந்து கிடக்கிறேன். மோரே, நீ எவ்வளவு எடுத்தாய்? சொல். அந்த மோர் இப்போது எங்கே?

"நாச்சா, அந்த ஊறப்போட்ட மோர எங்க கொட்டுன?" என்று கேட்கிறேன். சும்மா கேட்பது போலக் கேட்கிறேன். அவள் தர்ப்பூசணித் தோலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "எதுக்குங் இப்ப அது?" "சும்மா சொல்லு." "கொட்டறதுக்கென்ன, கோழிக்கு ஊத்துனேன்." "கோழிக்கா?" "பின்ன? நான் என்ன கூறுகெட்டவளுங்களா, பாக்காமத் திங்கறதுக்கு? தெனமும் மோர மாத்தறப்ப பழைய மோர நம்ம செவலக் கோழிக்குத் தவிட்டுல பெசஞ்சு வெச்சேன். கருப்பிக்கும் வெச்சேன். ரெண்டும் குடிச்சுப்போட்டு மறுநாளு கொக்கரிச்சுக்கிட்டு நின்னுச்சுங். வாரம் பூராப் பாத்தேன். செவல முட்டைகூட வெச்சுதுங். அப்பறமேட்டுத்தான் நான் வாயில போட்டேன்." மருதாயி சிரிக்கிறாள். "கெட்டிக்காரி அம்முணி நீ." "இவரு என்னமோ படிச்சவருன்னு பேசுவாருக்கா. பரிச்ச வெச்சுப் பாக்கோணும்னு இவருக்குத் தெரியுமா?" கெட்டிக்காரி. கோழி சாகவில்லை. இரண்டு கோழியும் சாகவில்லை, முட்டை வைத்தது. மோரில் ஒன்றுமில்லை. மோர் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோழி செத்திருக்க வேண்டும், அல்லது சுருண்டாவது விழுந்திருக்க வேண்டும். கோழி உயிரோடு இருப்பதைப் பார்த்து மருந்து நல்ல மருந்து என்று தெரிந்துகொண்டாள். கோழி உயிரோடு இருந்ததால் அத்தனையும் விதைக்குள்ளேயே இருந்திருக்கிறது, அத்தனையும் அம்மிக்குப் போயிருக்கிறது, சுக்கோடு சேர்ந்து கரண்டிக்கு வந்திருக்கிறது. பரீட்சை சரியான பரீட்சை. விடையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். ஒரு கோழி, ஒரே ஒரு கோழி காலை நீட்டியிருந்தால் போதும். அந்தச் செவலை செத்துக் கிடந்திருந்தால் இவள் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பாள், எறியாமல் தின்றிருந்தாலும் பாதிதான் தின்றிருப்பாள். என் எழுபது வயதில் ஒரு கோழி சாகவில்லையே என்று அழுகை வருகிறது. இல்லை, கோழி கெட்டியான பிராணியாக இருக்கலாம். கோழிக்கு இந்த நஞ்சு ஏறாமலே இருக்கலாம். எந்தப் புத்தகத்திலாவது கோழியைப் பற்றி இருந்ததா? ஆடு மாடு பற்றி இருந்தது, வாய் வைத்த மாடு செத்தது பற்றி இருந்தது. கோழி இல்லை. கோழியைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

"இன்னிக்கே ஊட்டுக்குப் போயிரலாமுங்" என்கிறாள். "முட்டியில வலியே இல்ல பாருங்க, மடக்கறேன் நீட்டறேன், ஒண்ணுமேயில்ல. மருந்து கேட்டுருச்சு. வகுறுதான் மொதல்ல ஒத்துக்கல, அடுத்த தடவ கொஞ்சமாப் போட்டுக்கறேன்." காலை மடக்கி நீட்டிக் காட்டுகிறாள். வயசுப் பெண் போல. அடுத்த தடவை என்கிறாள். கொட்டகையில் இன்னும் நாலு பொம்பளைகளுக்கு முட்டி வலிக்கிறது, அவர்களுக்கும் செய்து கொடுக்கப் போகிறாளாம், ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்கிறாள், பாவாயி, வேலாத்தா, அவர்கள் வீட்டிலும் மோர் இருக்கிறதாம். வராந்தாவில் டாக்டர் தம்பி போனில் பேசிக்கொண்டிருக்கிறார், என் பக்கம் திரும்பிக் கையை அசைக்கிறார். படுக்கை இன்னும் இல்லை என்று அர்த்தம், அல்லது கிடைத்துவிட்டது என்று. வண்டி வந்தால் இவளைக் கட்டிலோடு இறக்குவார்கள், வாயில் குழாய் வைப்பார்கள், பிறகு எதைச் சொன்னாலும் அவளுக்குப் பதில் சொல்ல வாய் இருக்காது. சொல்லாமல் ஏற்றினால் அவள் அங்கே எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே போவாள், எண் மட்டும் போட்ட சாக்கு மாதிரி. நான் மருதாயியின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கி இழுக்கிறேன். "நாச்சா. நான் சொல்றதக் கேளு. இந்தத் தெளிவு நெசமில்ல. வெஷம் இன்னும் உள்ளதான் இருக்குது. இனிமேத்தான் அது வேலையக் காட்டும், நாளைக்கோ, அதுக்கு அடுத்தாப்லயோ. டாக்டரும் அதத்தான் சொன்னாரு. கோயமுத்தூருக்குக் கொண்டுபோறோம். பொழைக்கறவங்க இருக்கறாங்க. கம்மி." நான் பேசிய பேச்சுகளிலேயே சின்னது. ஆயுசில் இவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை.

அவள் கையில் இருந்த தோலைக் கட்டிலுக்கடியில் வைக்கிறாள். சேலைத் தலைப்பில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். "இது டாக்டரு சொல்றதுங்களா, நீங்க சொல்றதுங்களா?" "ரெண்டு பேரும்." "மொதல்ல ஆரு சொன்னது?" "நாந்தான். நான் அப்பவே எழுதியிருக்கறேன்." எழுதியிருக்கறேன் என்னும்போது குரல் தானாக ஏறுகிறது, அந்த நாய்க்குணம் இப்போதும் போகவில்லை. அவள் என்னையே பார்க்கிறாள். "எழுதுனீங்க. அப்ப வேற என்னென்னமோகூட எழுதுனீங்களே. அடுத்த மே தினத்துக்குள்ள காடெல்லாம் உழுகறவனுக்கு வந்துரும்னீங்க. வந்துச்சுங்களா?" "வரல." "சாயப்பட்டறை ஒண்ணு பாக்கியில்லாம மூடிருவாங்க, ஆத்துல மறுக்கா மீனு வரும்னீங்க." "சொன்னேன்." "நம்ம பய உசுரே போனாலும் பனியன் கம்பெனிக்கு மேஸ்திரியாப் போகமாட்டான்னு ஊருக்கு நடுவால நின்னு அடிச்சுச் சொன்னீங்க." "சொன்னேன், நாச்சா." "நீங்க இத்தன வருசமாச் சொன்னதுல எதாச்சு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, பலிச்சிருக்குதுங்களா?" எத்தனையோ சண்டையில் கேட்ட கேள்விதான். ஒவ்வொரு தடவையும் என்னிடம் பதில் இருந்தது. காலம் கனியவில்லை, தலைமை விற்றுவிட்டது, மக்கள் கைவிட்டார்கள், நான் சொன்னது சரி, உலகம்தான் தவறிவிட்டது. இப்போதும் எல்லாப் பதிலும் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நிற்கின்றன. ஆனால் அந்தக் கண்ணில் கேலி இல்லை. கிணற்றுக்குள் விழுந்தவள் மேலே பார்ப்பது போலப் பார்க்கிறாள், சுவரில் ஏதாவது ஒரு வேர் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. நான் கொடுக்கக்கூடிய வேர் ஒன்றுதான். "ஒண்ணும் பலிக்கல" என்கிறேன். "நெசமாலுமா?" "நெசமா. நான் சொன்னது ஒண்ணுகூட நடக்கல, நாச்சா. எல்லாமே தப்பு." "எல்லாமேவா?" "எல்லாமே." அவள் மூச்சு விடுகிறாள். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரித்துப் படுத்துக்கொள்கிறாள். நர்சு வந்து ரத்த அழுத்தம் பார்க்க அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாள். முள்ளைப் பார்த்துக்கொண்டே இறக்குகிறாள். மறுபடியும் காற்றடிக்கிறாள்.